வாடகை வீட்டில் குடியேறும் முன்: முன்பணம் கொடுப்பதற்குள் பார்த்து முடிக்க வேண்டியவை

முதன்முதலாக வாடகை வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பத்து நிமிடம் சுற்றிப் பார்க்கிறார்கள். அறைகளின் எண்ணிக்கையும் வாடகையும் ஒத்துவந்தால் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டின் குறைகள் கண்ணில் படுவது சாமான்களை இறக்கி வைத்த பிறகுதான். முன்பணம் கைமாறும்வரை வீட்டு உரிமையாளருக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள். கைமாறிய பிறகு, ஒழுகும் ஒரு குழாயை மாற்றித் தரச் சொல்வதற்கும் நீங்கள்தான் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆகவே இங்கே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்து, கண்ட குறைகளை எழுத்தில் பதிவு செய்துகொள்வது அவசியம். சாவி வாங்கும் நாளுக்கு உரிய சில வேலைகளைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

வீடு பார்க்கக் கிளம்பும் முன்

தொலைபேசியில் பேசும்போதே வாடகையில் எவையெல்லாம் அடங்கும் என்று கேட்டுவிடுங்கள். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், குப்பை அகற்றும் கட்டணம், தரகருக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பது தெரியும். வீடு காலியாகக் கிடந்திருந்தால், நீங்கள் வரும் நேரத்தில் மின் இணைப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இவை இரண்டும் இல்லாமல் பார்த்த வீடு பாதிதான் பார்த்ததாகும்.

கையில் ஓர் அளவு நாடா, ஒரு டார்ச், கைப்பேசியின் சார்ஜர், ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தால் போதும். உங்களிடம் உள்ள கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றின் நீள அகல உயரங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அறைக்குள் பொருந்தும் பீரோ மாடிப்படியின் திருப்பத்தில் சிக்கிக்கொள்வதுண்டு என்பதால், வாசற்கதவு, நடை, படிக்கட்டின் திருப்பம், மின்தூக்கியின் உட்புறம் ஆகியவற்றையும் அளக்க வேண்டும். முதல் முறை பகலில் போங்கள். விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு ஒவ்வோர் அறையிலும் இயற்கை வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

தண்ணீர்

ஒரு வீட்டில் அன்றாடம் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். வராத தண்ணீர், நிற்காத தண்ணீர், போகாத தண்ணீர் என்று அது மூன்று விதமாகத் தொல்லை கொடுக்கும். அதனால் இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்: பொது விநியோகமா, ஆழ்குழாய்க் கிணறா, தொட்டியில் நிரப்பப்படும் தண்ணீரா, நாள் முழுவதும் வருமா, குறிப்பிட்ட நேரம் மட்டுமா, குடிக்க உகந்ததா என்பதெல்லாம் தெரிய வேண்டும். பிறகு குழாய்களைத் திறந்து பாருங்கள். குளியலறைக் குழாயின் கீழ் பத்து லிட்டர் வாளி ஒன்றை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் அழுத்தம் போதுமானது. அதே நேரத்தில் சமையலறைக் குழாயையும் திறந்து, கழிப்பறைத் தொட்டியையும் ஃப்ளஷ் செய்து, வாளியில் விழும் தண்ணீர் நூலாக மெலிகிறதா என்று கவனியுங்கள். காலையில் கட்டடத்தில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கும்போது நிலைமை இதைவிட மோசமாக இருக்குமே தவிர மேம்பட்டிருக்காது.

தண்ணீர் செம்பழுப்பாக வந்தால் உடனே மூடிவிடாமல் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். தெளிந்துவிட்டால், குழாயில் நெடுநாள் தேங்கிக் கிடந்த தண்ணீர் அது. தெளியாமலே வந்துகொண்டிருந்தால், குழாயோ தொட்டியோ உள்ளே துருப்பிடித்திருக்கலாம்.

கழிப்பறைத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருப்பது மிகச் சாதாரணம். அது வீணாக்கும் தண்ணீருக்கான கட்டணமோ உங்கள் தலையில் விழும். உணவுக்குச் சேர்க்கும் நிறப்பொடியில் ஒரு சிட்டிகையைத் தொட்டிக்குள் கரைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் தொட்டிக்குள் இருக்கும் அடைப்பான் தேய்ந்திருக்கிறது. வீட்டுக்குத் தனித் தண்ணீர் மீட்டர் இருந்தால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அதன் முள்ளைப் பாருங்கள். குழாய் ஒன்றும் திறந்திருக்காத நிலையிலும் முள் நகர்ந்துகொண்டிருந்தால் எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் கசிகிறது.

அடுத்தது வடிகால். சமையலறைத் தொட்டியை அடைத்துப் பாதி நிரப்பி, ஒரே முறையில் திறந்துவிடுங்கள். தண்ணீர் சுழன்று விரைவாக இறங்க வேண்டும். இறங்கும்போது பக்கத்துத் தரைச் சாக்கடைத் துளையில் குமிழியிட்டால், அடைப்பு உங்கள் வீட்டுக்கு அப்பால் பொதுக் குழாயில் இருக்க வாய்ப்புண்டு. குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது துளையை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கும் தரையைச் சரிசெய்ய வேண்டுமானால் தரையையே பெயர்த்துப் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் காலத்தில் யாரும் அதைச் செய்து தரமாட்டார்கள். காலியாகக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம் அடித்தால் பயந்துவிட வேண்டாம்: வடிகுழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது; வீடு பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் கழித்தும் நாற்றம் போகவில்லை என்றால்தான் பழுது.

கடைசியாக, சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து, குழாய் இணைப்புகளின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் நனைந்தாலோ, பலகை உப்பிக் கிடந்தாலோ கசிவு உண்டு.

சுவரின் ஓதம்

மற்ற குறைகள் பலவற்றைப் பணம் செலவழித்துச் சில நாட்களில் சரிசெய்துவிடலாம். சுவரில் ஏறிய ஓதத்தை, அதாவது சுவருக்குள் ஊறிய ஈரத்தை, அப்படிச் செய்ய முடியாது. குடியிருப்பவரின் உடல்நலத்தையும் அது நேரடியாகத் தாக்குகிறது. நனைந்த சுவரோ மரப்பலகையோ ஒன்றிரண்டு நாட்களுக்குள் உலரவில்லை என்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆஸ்துமாவோ மூச்சுத் திணறலோ உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரும் கேடு.

கதவைத் திறந்தவுடன் உள்ளே விரைந்துவிடாமல் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். பூட்டிக் கிடந்த வீட்டின் நெடி ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போய்விடும். பூஞ்சை நெடி போகாது. ஊதுபத்தியோ நறுமணத் தெளிப்போ தூக்கலாக மணந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுவரே காட்டிக்கொடுக்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டர் உயரம்வரை வந்து நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் அலை அலையாகக் கறைக்கோடும், அதையொட்டி வெண்ணிற உப்புப் பூத்தலும் காணப்படும். சுவருக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் தங்குவதால் வருவது அது. கூரையிலிருந்து இறங்கும் கசிவு பழுப்பு வளையங்களாகத் தெரியும். குளியலறைக்கு மறுபக்கம் உள்ள படுக்கையறைச் சுவரில் இடுப்பளவில் பூச்சு உரிந்திருந்தால், சுவருக்குள் ஓடும் குழாய் கசிய வாய்ப்புண்டு. ஜன்னல் ஓரங்களிலும் வெளிச்சுவரின் மூலைகளிலும் கரும்புள்ளிகள் மட்டும் இருந்தால், காற்றோட்டம் போதாமல் அறைக்குள் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்ததால் வந்தவையாக இருக்கலாம். இந்தக் கடைசி வகையை மட்டும் ஜன்னல்களைத் திறந்து வைத்தும், காற்றை வெளியேற்றும் விசிறி பொருத்தியும் நீங்களே ஓரளவு கட்டுப்படுத்த முடியும்.

வீடு முழுவதும் ஒரே வண்ணத்தில் மங்கியிருக்க, ஒரு சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் பளிச்சென்று இருந்தால், அங்கே குனிந்து பாருங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டி வைத்து, ஒளி சுவரின் மேல் வழிந்து போகும்படி பக்கவாட்டில் அடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத கொப்புளங்களும் பட்டி பார்த்த ஒட்டுகளும் நிழலோடு எழுந்து தெரியும். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதே அறையின் வேறொரு சுவரைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். விரல் கணுவால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஒலி வந்தால், பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. பீரோ நின்றிருந்த இடம், பரணின் உட்புறம், பதித்த அலமாரிகளின் பின்சுவர் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். வெள்ளையடிப்பவர் அங்கெல்லாம் பெரும்பாலும் போவதில்லை.

பூச்சில் மயிரிழையாக ஓடும் விரிசல்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் இருபுறமும் தெரிகிற விரிசலும், 5 மி.மீ.க்கு மேல் அகன்ற விரிசலும் வேறு வகை. பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் உள்ள வீட்டையும், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

மின்சாரம்

மின் பலகையின் மூடியை மட்டும் திறந்து பாருங்கள்; கம்பிகளைத் தொட வேண்டாம். பழைய ஃபியூஸ் கட்டைகளா, தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்சுகளா, எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டித்துவிடும் வகை. ஈரக்கையோடு பழுதான ஹீட்டரைத் தொட்டுவிட்டால் உயிரைக் காப்பது அதுதான். அதன் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு அதை அழுத்தினால் இணைப்பு உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லை என்றால் அந்தக் கருவியை மாற்றித் தரச் சொல்லுங்கள். அது குடியேறுவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

கைப்பேசி சார்ஜரை ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் செருகிப் பாருங்கள். சுற்றிலும் பழுப்பேறியோ உருகியோ இருக்கும் பாயிண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் சூடாக்கி, குளிரூட்டி, அடுப்பு போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்குத் தனி இணைப்பு உண்டா என்பதையும் கேட்டறியுங்கள்.

மின் மீட்டரில் ஒரு சோதனை செய்யாமல் வரக்கூடாது. வீட்டில் உள்ள எல்லா விளக்குகளையும் கருவிகளையும் அணைத்துவிட்டு, மீட்டரின் முன் சில நிமிடம் நில்லுங்கள். மின்சாரம் செலவாகும்போது மின்னும் சிறிய சிவப்பு விளக்கு இப்போதும் விட்டுவிட்டு மின்னினால், வேறெங்கோ எரியும் ஒரு விளக்கோ மோட்டாரோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் ஒரு வீட்டின் மீட்டரோடு இணைக்கப்பட்டிருப்பது உண்டு. அடுத்து விளக்குகளை மீண்டும் போட்டுவிட்டு, உங்கள் வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். வீடு முழுவதும் இருண்டால்தான் அந்தச் சுவிட்ச் உங்கள் வீட்டுக்கு உரியது. அதன் பிறகும் மீட்டர் மின்னுகிறதென்றால், உங்கள் சுவிட்சைத் தாண்டியே யாருக்கோ இணைப்பு போகிறது.

எரிவாயு, தீ, பாதுகாப்பு

எரிவாயு இணைப்பின் மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி எழும். அடுப்பின் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகப் புகைந்து எரிந்தால் எரிதல் முழுமையாக நடக்கவில்லை. எரிவாயுவில் இயங்கும் நீர் சூடாக்கி காற்றோட்டமில்லாத குளியலறைக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால், அதை வெளியே மாற்றித் தரும்வரை அந்த வீட்டில் குடியேறாதீர்கள். அங்கே உருவாகக்கூடிய கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; குளித்துக்கொண்டிருப்பவர் தனக்கு என்ன நேர்கிறது என்று அறியும் முன்பே மயங்கி விழுந்துவிடுவார்.

புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் அதன் பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று பாருங்கள். அதன் பின்புறத்தில் உள்ள தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். பத்து ஆண்டு கடந்தது மாற்றப்பட வேண்டியது. வாசற்கதவு வழியாகப் போக முடியாவிட்டால் வேறு எப்படி வெளியேறுவது என்று யோசித்துப் பாருங்கள். எல்லா ஜன்னல்களிலும் திறக்க முடியாத கம்பி அடித்த வீட்டில் அதற்கு விடை கிடைக்காது. சிறு குழந்தை இருந்தால், மாடி முகப்பின் கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. கைப்பிடியை அசைத்தால் ஆடவும் கூடாது. கதவுகளும் தாழ்ப்பாள்களும் தரையில் உரசாமல், சிக்காமல் மூடுகின்றனவா என்பதை ஒவ்வோர் அறையிலும் நீங்களே மூடித் திறந்து பாருங்கள்.

பூச்சிகள்

சமையலறை இழுப்பறைகளின் மூலைகளில் மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளிகள் கரப்பான் பூச்சியின் எச்சம். நிலைக்கதவின் அடியில் மண் பூசியது போல மெல்லிய கோடு ஏறியிருந்தால் கரையான். கட்டிலும் மெத்தையும் வீட்டோடு வந்தால், மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டில் மூட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கருமையான சிறு கறைகளும் உரிந்த தோல்களும் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது. வீடு பல வாரங்களாகக் காலியாக இருந்ததே என்று ஆறுதல் கொள்ள முடியாது; மூட்டைப்பூச்சி உணவின்றிப் பல மாதங்கள் உயிர் வாழும்.

இரண்டாவது முறை, இரவில்

வீடு பிடித்திருந்தால் இரவில் ஒரு முறை போய்ப் பாருங்கள். தெரு விளக்கு எரிகிறதா, பக்கத்தில் எவ்வளவு இரைச்சல், வண்டி நிறுத்த உண்மையில் இடம் கிடைக்கிறதா என்பதெல்லாம் பகலில் தெரியாது. படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு யாரையாவது கைப்பேசியில் அழைத்துப் பேசுங்கள். வாசலில் நன்றாக இருக்கும் சிக்னல் உள்ளறையில் இல்லாமல் போகலாம்.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடமும், முடிந்தால் முன்பு குடியிருந்தவரிடமும் பேசுங்கள். அவர் ஏன் காலி செய்தார், முன்பணம் முழுமையாகவும் தாமதமில்லாமலும் திரும்பக் கிடைத்ததா என்ற இரண்டு கேள்விகளும் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமானவை. குழாயை மாற்றிவிடலாம், பணத்தைத் திருப்பித் தர மனமில்லாத உரிமையாளரை மாற்ற முடியாது.

யாரிடம் பணம் கொடுக்கிறீர்கள்?

வீட்டைக் காட்டுபவர்தான் உரிமையாளர் என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய அடையாள அட்டையையும், வீடு அவர் பெயரில் இருப்பதைக் காட்டும் ஆவணத்தையும், அண்மையில் வந்த வரி அல்லது மின் கட்டண ரசீதையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கேளுங்கள். முறையான உரிமையாளர் இதற்கு வருத்தப்பட மாட்டார். உறவினரோ முகவரோ பேசினால், வாடகைக்கு விடும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவர் உங்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார் என்றால், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

வாடகை அந்தப் பகுதியின் வழக்கமான அளவைவிட மிகக் குறைவு, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி வந்து சேரும், இன்றே அனுப்பாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்ற வரிசையில் பேச்சு போனால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். உள்ளே கால்வைத்துப் பார்க்காத வீட்டுக்கு ஒரு பைசாவும் கொடுக்கக்கூடாது. கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, எதற்காகக் கொடுத்தது என்று குறிப்பிட்ட ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தம்

ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துவந்து ஒருநாள் வைத்துப் படியுங்கள். உரிமையாளரின் எதிரில் உட்கார்ந்து, அவர் பேனாவை நீட்டிக்கொண்டிருக்கும்போது எந்த ஒப்பந்தத்தையும் ஒழுங்காகப் படிக்க முடியாது.

முன்பணம் எவ்வளவு, காலி செய்த எத்தனை நாளுக்குள் திரும்ப வரும், எந்தெந்தக் காரணத்துக்காக அதில் பிடித்தம் செய்யலாம் என்ற மூன்றும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "சேதத்துக்கு ஏற்பப் பிடித்தம் செய்யப்படும்" என்று மட்டும் இருந்தால், சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானம் சேதமாகக் கருதப்படாது என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடலாம். வாடகை எப்போது, எவ்வளவு உயரும், இரு தரப்பும் எவ்வளவு கால அறிவிப்புத் தர வேண்டும், ஒப்பந்தக் காலம் முடியும் முன் நீங்கள் வெளியேற நேர்ந்தால் எவ்வளவு இழப்பீர்கள் என்பவற்றை அடுத்துப் பாருங்கள். அறிவிப்புக் காலம் உங்களுக்கு மூன்று மாதம், உரிமையாளருக்கு ஒரு மாதம் என்று இருந்தால் அதைச் சமமாக்கச் சொல்வதில் தவறில்லை.

பழுதுபார்ப்பில், கட்டடம், குழாய்கள், மின்கம்பிகள் ஆகியவற்றின் பழுதை உரிமையாளர் எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதப்பட்டிருப்பது நல்லது. அவர் வீட்டுக்குள் வர வேண்டுமானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். செல்லப்பிராணி, விருந்தினர், சுவரில் ஆணி அடித்தல் போன்றவற்றில் கட்டுப்பாடு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பணத்துக்கு உச்சவரம்பு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் கடமை போன்றவற்றைச் சட்டம் இடத்துக்கு இடம் வெவ்வேறாக வகுத்திருப்பதால், நீங்கள் குடியேறும் இடத்தின் விதியைக் கையெழுத்திடும் முன் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோதனையில் நீங்கள் கண்ட குறைகளின் பட்டியல் பயன்படுவது இப்போதுதான். "குடிவருவதற்குள் எல்லாம் செய்து தந்துவிடுகிறேன்" என்ற வாய்மொழி உறுதியை, எந்த வேலை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவர் செய்து தரவும் தயங்குவார் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப வாடகையைக் குறைத்துப் பேசுவதா, வேறு வீடு பார்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

சாவி வாங்கும் நாள்

சாமான்கள் வருவதற்கு முன், வெறும் வீட்டை ஒவ்வோர் அறையாக நிறுத்தி நிதானமாகக் காணொளி எடுங்கள். சுவர்க் கறை, தரைக் கீறல், உடைந்த கைப்பிடி ஆகியவற்றைத் தனித்தனியாக அருகிலிருந்து படம் பிடியுங்கள். மின் மீட்டர், தண்ணீர் மீட்டர், எரிவாயு மீட்டர் ஆகியவற்றின் எண்கள் தெளிவாகத் தெரியும்படி எடுத்துக்கொண்டு, முந்தைய கட்டணங்களில் பாக்கி இல்லை என்பதற்கான ரசீதையும் கேளுங்கள். இவை அனைத்தையும் அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேதியோடு சான்று ஆகிவிடும். உங்கள் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் அந்தப் பயன் கிடைக்காது. விசிறி, விளக்கு, நீர் சூடாக்கி என்று வீட்டோடு வரும் பொருட்களின் பட்டியலில், எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

எத்தனை சாவிகள் பெற்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்பு குடியிருந்தவரிடமும், அவருடைய வேலையாட்களிடமும் எத்தனை நகல்கள் இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், உரிமையாளரின் ஒப்புதலோடு வாசற்கதவின் பூட்டை மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய பூட்டை அவரிடம் ஒப்படையுங்கள். வீடு சில வாரங்கள் பூட்டிக் கிடந்திருந்தால், தேங்கிய நீரில் கிருமிகள் பெருகியிருக்கக்கூடும். குடிக்கவும் குளிக்கவும் தொடங்கும் முன் ஜன்னல்களைத் திறந்து வைத்து, எல்லாக் குழாய்களிலும் சில நிமிடங்கள் தண்ணீரை ஓடவிடுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் முதல் வாரத்தில் சில குறைகள் புதிதாகத் தென்படும். அவற்றை ஒன்றுசேர்த்து, படங்களோடு, அந்த வாரம் முடிவதற்குள் உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். முதல் பெருமழை பெய்யும் நாளில் கூரையையும் ஜன்னல் ஓரங்களையும் இன்னொரு முறை பார்த்து, கசிவு தெரிந்தால் அதையும் அன்றே எழுதி அனுப்புங்கள்.